ரேகைச் சட்டமும் பெண்களும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சில கேள்விகள்

1920ஆம் ஆண்டில் ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரத்தில் யெவ்கெனி ஜம்யாத்தின் 'நாம்' என்ற நாவலை எழுதிக்கொண்டிருந்தார். அந்த நாவலின் நாட்டில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். வீடுகளின் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. கொஞ்ச நேரம் திரையை இறக்கிக்கொள்ள வேண்டுமானாலும் அதற்குச் சீட்டு வாங்க வேண்டும். எழுவது, உண்பது, உறங்குவது எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் நேர அட்டவணை உண்டு. சோவியத் அரசு இந்த நாவலை வெளியிட அனுமதிக்கவில்லை. 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் அது முதலில் அச்சேறியது. ஜார்ஜ் ஆர்வெல் அதைப் படித்து 1946இல் மதிப்புரை எழுதினார். 1949இல் அவருடைய '1984' வெளிவந்தது. டிஸ்டோபியா என்று இன்று கல்லூரிகளில் நாம் படிக்கும் கதைகளின் வரிசை இப்படித்தான் தொடங்குகிறது.

அதே 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்த ஊர் மக்கள் செய்த குற்றம், கைரேகை வைக்க மறுத்தது. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பெண், பெயர் மாயக்காள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது அவர் கொல்லப்பட்டார் என்பது அந்த மக்களின் நினைவில் நிற்கும் செய்தி.

பெத்ரோகிராத்துக்கும் பெருங்காமநல்லூருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் எண், சீட்டு, நேர அட்டவணை, கண்காணிப்பு என்று ஜம்யாத்தின் வருங்காலத்தில் வைத்து எழுதிய எல்லாமே அந்த ஆண்டில் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரசாங்க நடைமுறையாக இருந்தன. இந்தக் கட்டுரை அந்த நடைமுறையைப் பற்றியது. பதிவேட்டில் ரேகை இல்லாமலேயே அதன் கீழ் வாழ்ந்த பெண்களைப் பற்றியது.

பிறப்பே குற்றமான கதை

குற்றப் பரம்பரையினர் சட்டம் 1871இல் வந்தது. முதலில் வட இந்தியப் பகுதிகளுக்கு. 1911இல் அது திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணமும் அதற்குள் வந்தது. ஒரு சாதியையோ பழங்குடியையோ ஒரு கூட்டத்தையோ அரசு 'குற்றப் பரம்பரை' என்று அறிவித்துவிட்டால் போதும், அதில் பிறந்தவர் ஒவ்வொருவரும் பதிவுக்கு உரியவர். அவர் தனிப்பட்ட முறையில் திருடினாரா இல்லையா என்ற கேள்விக்கு இடமில்லை. அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்றும் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

பிறமலைக் கள்ளர் மீது இந்தச் சட்டம் 1914இல் மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடியில் தொடங்கியது. 1918இல் பிறமலைக் கள்ளர் அனைவர் மீதும் விரிந்தது. அப்போது கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. தேனி தனி மாவட்டமானது 1996இல்தான். ஆகவே உசிலம்பட்டிச் சீமையில் நடந்தது தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஊர்களில் குடியிருந்த கள்ளர் குடும்பங்களுக்கும் நடந்தது. மக்கள் இதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'.

சட்டம் வேலை செய்த விதம் எளிமையானது. பதிவு செய்யப்பட்டவரின் பத்து விரல் ரேகையும் எடுக்கப்படும். குறித்த நேரத்தில் அவர் காவல் நிலையத்திலோ ஊர் அதிகாரியிடமோ ஆஜராக வேண்டும். வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்க வேண்டும். போன ஊரில் அதைக் காட்ட வேண்டும், குறித்த காலத்துக்குள் திரும்ப வேண்டும். அந்தச் சீட்டுக்கு 'ராதாரிச் சீட்டு' என்று பெயர். வழி என்ற பொருளுள்ள பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் மக்கள் வாயில் அது 'ராத்திரிச் சீட்டு' என்றும் ஆனது. இரவுதான் அந்தச் சட்டத்தின் முக்கியமான நேரம் என்பதால் அந்தப் பெயரும் பொருந்திப்போனது. பல ஊர்களில் ஆண்கள் இரவு முழுவதும் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுத்துக் கிடக்க வேண்டியிருந்தது. கல்யாணமான அன்றிரவே மாப்பிள்ளை சாவடிக்குப் போய்ப் படுத்த கதையை இந்தப் பகுதியில் இன்றும் சொல்வார்கள்.

விரல் ரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் நிர்வாக முறை இங்கிலாந்தில் உருவாகி இங்கே வந்ததல்ல. இங்கே உருவாகி அங்கே போனது. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் 1858இல் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பத்துக்குப் பதிலாகக் கைப்பதிவு வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது. அங்கே அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகளின் உழைப்பில் உருவான வகைப்பாட்டு முறை, அவர்களின் மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. ஆர்வெல் பிறந்தது பீகாரின் மோதிஹாரியில். 1922 முதல் 1927 வரை அவர் பர்மாவில் ஏகாதிபத்தியக் காவல்துறையில் வேலை பார்த்தார். '1984'இன் கண்காணிப்பு அரசை எழுதியவர் காலனியின் போலீஸ் வேலையை உள்ளிருந்து பார்த்தவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்தச் சட்டம் ஏன் இங்கே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து, மேற்கே ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்பியது. நஞ்சை விரிந்தது, நிலத்தின் மதிப்பு ஏறியது. ஊர்க்காவலுக்குக் கள்ளர்கள் வாங்கிவந்த காவல் கூலி குடியானவர்களுக்குப் பாரமாகவும் மிரட்டலாகவும் தெரிந்தது. 1896இல் திண்டுக்கல், பெரியகுளம் வட்டாரங்களில் அவர்களை ஊரைவிட்டு விரட்டும் இயக்கமே நடந்தது. திருட்டுகள் நடந்தன, பாதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அதை மறைத்து இந்த வரலாற்றை எழுத வேண்டிய தேவை இல்லை. திருடியவரைத் தண்டிக்கத் தண்டனைச் சட்டம் 1860 முதலே இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் தண்டித்தது செயலையல்ல, பிறப்பை. கம்பம் பள்ளத்தாக்கில் நீண்ட களஆய்வு செய்த மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட நூலில், இந்த மக்களை உழவு, பள்ளி, ஒழுக்கம் ஆகியவற்றின் வழியாக 'திருத்த' அரசு எப்படி முயன்றது என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். 1920களில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் பெயரிலேயே அந்த நோக்கம் இருக்கிறது. அதன் பள்ளிகளில் படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். ஆக, ஒரே அரசு ஒரு கையில் ரேகைப் புத்தகத்தையும் மறு கையில் சிலேட்டையும் வைத்திருந்தது.

நாவல் சொல்வதும் வரலாறு சொல்வதும்

டிஸ்டோபியா நாவல்களோடு இந்த வரலாற்றை வைத்துப் படிக்கும்போது இரண்டு வேறுபாடுகள் தெரிகின்றன.

முதலாவது, யார் கண்காணிக்கப்படுகிறார்கள் என்பது. '1984'இல் கண்காணிப்புத் திரை இருப்பது கட்சி ஊழியர்களின் வீடுகளில். உழைக்கும் ஏழைகளை அரசு பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. 'நாம்' நாவலின் நாயகன் ஒரு பொறியாளன். காலனியில் நடந்தது இதற்கு நேர்மாறு. படித்தவர், நிலமுள்ளவர், வரி கட்டுபவர் இரவில் நிம்மதியாகத் தூங்கினார்கள். மானாவாரிப் புன்செய்யை நம்பியிருந்தவரும் நாடோடியும் கூலியும்தான் சாவடியில் படுத்தார்கள். ஐரோப்பிய எழுத்தாளர் 'இப்படி ஒரு நாள் நமக்கும் வந்துவிடுமோ' என்று பயந்ததை, அவர்களுடைய பேரரசுகள் மற்றவர்களுக்கு ஏற்கெனவே செய்துகொண்டிருந்தன. அதனால்தான் நம் எழுத்தாளர்களுக்கு இதை எழுத வருங்காலம் தேவைப்படவில்லை. வேல ராமமூர்த்தியின் 'குற்றப் பரம்பரை', சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' இரண்டும் கடந்த காலத்தில் நிற்கும் நாவல்கள்.

இரண்டாவது வேறுபாடு பெண்களைப் பற்றியது. '1984'இல் வின்ஸ்டன் தடைசெய்யப்பட்ட அரசியல் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கிறான். பக்கத்தில் படுத்திருக்கும் ஜூலியா தூங்கிவிடுகிறாள். சுதந்திரத்தைப் பற்றிச் சிந்திப்பது அவன் வேலை, அவளுக்கு அதில் அக்கறை இல்லை என்பதுபோல எழுதப்பட்ட காட்சி அது. ஜம்யாத்தின் இந்த விஷயத்தில் கொஞ்சம் கூர்மையானவர். அவருடைய நாவலில் ஓ-90 என்ற பெண் இருக்கிறாள். அரசு வகுத்த தாய்மை அளவைவிட உயரம் குறைந்தவள், ஆகவே பிள்ளை பெற அனுமதி இல்லை. அவள் சட்டத்தை மீறிக் கருத்தரிக்கிறாள். பிள்ளையைக் காப்பாற்ற நகரத்தின் பச்சைச் சுவருக்கு அப்பால் தப்பிப் போகிறாள். நாயகனோ முடிவில் அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகி அரசுக்கு அடங்கிவிடுகிறான். உண்மையாகவே அந்த அரசின் கைக்கு எட்டாமல் போனவள் அந்தக் கர்ப்பிணிதான். ஆனாலும் கதை அவளுடையது அல்ல.

மார்கரெட் அட்வுட் 1985இல் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' எழுதியபோது கதையைப் பெண்ணிடம் கொடுத்தார். வரலாற்றில் எங்கும் நடக்காத எதையும் அந்த நாவலில் சேர்க்கவில்லை என்று அவர் பல முறை சொல்லியிருக்கிறார். ருமேனியாவில் 1966இல் சௌசெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடை செய்து, பெண்களின் கருவையே அரசாங்கக் கணக்காக மாற்றியது அப்படி நடந்தவற்றில் ஒன்று. அந்த நாவலின் கடைசிப் பகுதியில் ஒரு கருத்தரங்கு வருகிறது. பல காலம் கழித்து, அந்தப் பெண் ரகசியமாகப் பதிந்துவைத்த குரலை ஒரு பேராசிரியர் ஆராய்கிறார். அவருக்கு அவள் என்ன ஆனாள் என்பதைவிட அவளை வைத்திருந்த அதிகாரி யார் என்பதில்தான் ஆர்வம். பெருங்காமநல்லூர் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கருத்தரங்கு நினைவுக்கு வருகிறது. மாயக்காளைப் பற்றி நம்மிடம் எஞ்சியிருப்பது ஒரு பெயரும் ஒரு செயலும். அவர் என்ன நினைத்து அன்று தண்ணீர்க் குடத்தோடு போனார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

பிறமலைக் கள்ளரிடையே பதிவு செய்யப்பட்டவர்கள் பெரும்பாலும் வயதுவந்த ஆண்கள். அதனால் ரேகைச் சட்டத்தின் கதையும் ஆண்களின் கதையாக, அவர்கள் பட்ட அவமானத்தின் கதையாக, அவர்களின் வீரத்தின் கதையாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

ஆண்கள் எல்லாரும் இரவில் சாவடியில் இருக்கும் ஊரை நினைத்துப் பாருங்கள். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், பிரசவ வலி கண்டால், மாடு கட்டறுத்துக்கொண்டால், களத்தில் கிடக்கும் தானியத்துக்குக் காவல் வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் பெண்தான். சந்தைக்கோ உறவினர் வீட்டு இழவுக்கோ கணவன் போக முடியாதபோது போய்வந்தவளும் அவள்தான். சீட்டில் குறித்த நேரம் தவறி அவன் சிறைக்குப் போய்விட்டால், கூலிக்குப் போய்க் குடும்பத்தை நிறுத்தியவளும் அவள்தான். 'திருடன் பொண்டாட்டி' என்ற பட்டத்துக்கு ரேகை தேவைப்படவில்லை.

சட்டம் பெண்களை நேராகத் தொட்ட இடங்களும் உண்டு. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட சமூகத்தின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப் பள்ளிகளில் வைக்க மாகாண அரசுக்கு அதிகாரம் இருந்தது. ஆறு வயதுக்கு மேல், பதினெட்டு வயதுக்குள் உள்ளவர் எல்லாரும் இதற்குக் குழந்தைகள். தாயிடம் யாரும் சம்மதம் கேட்கத் தேவையில்லை. அதற்கும் முன்பு, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதி திருநங்கையரைக் குறிவைத்தது. அவர்களையும் பதிவு செய்தார்கள். பொது இடத்தில் பெண் உடை உடுத்துவது, ஆடுவது, பாடுவது தண்டனைக்குரிய குற்றமானது. சிறுவர்களைத் தங்களோடு வைத்துக்கொள்ளவோ தத்தெடுக்கவோ உயில் எழுதவோ கூடாது என்றார்கள். வழிவழியாக வரும் திருட்டும், ஆண் பெண் என்ற வகைக்குள் அடங்காத உடலும் ஒரே சட்டத்தின் இரண்டு பகுதிகளாக இருந்தன. ஒழுங்கு என்று அந்த அரசு எதை நினைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1871இல் வைஸ்ராயின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஜேம்ஸ் ஸ்டீஃபன். அவருடைய தம்பி லெஸ்லி ஸ்டீஃபனின் மகள்தான் வர்ஜீனியா வுல்ஃப். அவர் 1938இல் எழுதிய 'த்ரீ கினீஸ்' நூலின் வாதம், வீட்டுக்குள் தகப்பன் நடத்தும் கொடுங்கோன்மையும் நாட்டில் சர்வாதிகாரி நடத்தும் கொடுங்கோன்மையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது. பெரியப்பா கொண்டுவந்த சட்டத்தைப் பற்றி அந்த நூல் பேசவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் கதையை முழுவதுமாகப் புரிந்துகொள்ள அந்த வாதம் உதவுகிறது. சாவடியில் அடைக்கப்பட்ட ஆண் காலையில் வீடு திரும்பினான். அந்த வீட்டில் அதிகாரம் யாரிடம் இருந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பது ஒடுக்கப்பட்டவரின் மீதே பழி போடுவது ஆகாது. ஒரு சமூகம் அரசின் கண்காணிப்பால் துன்பப்பட்டது என்பதும், அதே சமூகம் தன் பெண்களைக் கண்காணித்தது என்பதும் சேர்ந்தே உண்மையாக இருக்க முடியும். பிறமலைக் கள்ளரிடையே ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் போட்டார்கள். அறுத்துக்கட்டும் வழக்கம் இருந்தது. மேல்சாதிப் பெண்ணுக்கு இல்லாத இந்த உரிமைகளை அன்றைய சீர்திருத்தவாதிகளில் பலர் நாகரிகக் குறைவாகத்தான் பார்த்தார்கள். பாசனம் பெருகி, பணப்பயிர் வந்து, படிப்பும் அரசு வேலையும் வந்தபோது பரிசம் போய் வரதட்சணை வந்தது. 'மரியாதையான' குடும்பம் என்பது பெண்ணை அடக்கிவைக்கும் குடும்பம் என்றானது. நேற்று சாவடியில் படுத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் சேரிக்கு நேரம் குறிப்பவர்களாகவும் மாறினார்கள். 1989இல் போடியைச் சுற்றி நடந்த சாதிக் கலவரம் இந்தப் பள்ளத்தாக்கின் நினைவில் இன்னும் ஆறவில்லை.

பதிவேடு கருப்பைக்கு வந்தது

ரேகைச் சட்டத்தை எதிர்த்து மக்கள் முப்பது ஆண்டுகள் போராடினார்கள். மதுரையில் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக வாதாடினார். அன்போடு அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர் தென்மாவட்டங்கள் முழுவதும் இந்தச் சட்டத்துக்கு எதிரான இயக்கத்தை நடத்தினார். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. 1952 ஆகஸ்ட் 31 முதல் நாடு முழுவதும் அது இல்லாமல் போனது. சான்றிதழில் 'சீர்மரபினர்' என்ற சொல் வந்தது. ஆனால் சென்னை மாகாணத்தில் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற வேறொரு சட்டம் வந்துவிட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து அரசும் பத்திரிகைகளும் இந்தப் பகுதிக்குத் திரும்பி வந்தன. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டி வட்டாரத்தில் நடக்கும் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. கொலைகள் உண்மை. பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்த வீடுகள் இருந்தன. அந்தக் குழந்தைகளின் சார்பில் யாராவது குறுக்கே நிற்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் குறுக்கே நின்ற விதத்தைக் கவனியுங்கள். 'கள்ளர் சாதி' என்று ஒரு சாதியின் பெயரோடு குற்றம் மறுபடியும் ஒட்டப்பட்டது. இந்த முறை குற்றம் சுமந்தவர்கள் பெண்கள். முதலிலேயே பெண் குழந்தை உள்ள கர்ப்பிணிகளை 'அதிக ஆபத்துள்ள தாய்மார்' என்று தனிப் பட்டியலில் எழுதினார்கள். 1990களில் தாய்மார் மீது கொலை வழக்குகள் வந்தன. வரதட்சணை கேட்ட மாமனாருக்கும், 'இதுவும் பொட்டையா' என்று கேட்டுவிட்டு வெளியே போன கணவனுக்கும் பட்டியல் இல்லை.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. 2001இல் தேனி, மதுரை, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கு விரிந்தது. பெண் குழந்தை வேண்டாமென்றால் கொல்லாதே, அரசுத் தொட்டிலில் போடு என்பதே திட்டம். அது உயிர்களைக் காப்பாற்றியது, அதை மறுக்க முடியாது. கூடவே, பெண் பிள்ளையைக் கைவிடுவதற்கு அரசே ஒரு வழி அமைத்துக் கொடுத்தது என்று பெண்ணிய அமைப்புகள் அன்றே விமர்சித்தன. அதற்குள் ஸ்கேன் கருவிகள் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. கள்ளிப்பால் கிராமத்தின் குற்றமாகப் பேசப்பட்ட அளவுக்கு ஸ்கேன் அறை படித்தவர்களின் குற்றமாகப் பேசப்படவில்லை.

இந்தப் பெண்களின் நிலையை எந்த நாவலும் முழுவதுமாகச் சொல்லவில்லை. ஜம்யாத்தினின் ஓ-90 அரசு வேண்டாமென்ற பிள்ளையைப் பெற விரும்பினாள். அட்வுட்டின் பெண்கள் அரசுக்காகப் பிள்ளை பெறக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள. உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் இருந்த தாய்க்கு ஒரு பக்கம் பெண்ணைப் பெறாதே என்ற குடும்பம், இன்னொரு பக்கம் பெற்றதைக் கொன்றால் சிறை என்ற அரசு. இரண்டுக்கும் நடுவில், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆளில்லை. 'தனிமனித சுதந்திரம்' என்ற சொல்லை நாம் பயன்படுத்தும்போது, இந்தத் தாய்க்கு அது எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். அரசு விலகி நின்றால் அவள் சுதந்திரமாக இருந்திருப்பாள் என்று சொல்ல முடியாது. அரசு வந்ததாலும் அவள் சுதந்திரம் பெறவில்லை.

ஒவ்வொரு பதிவேட்டையும் கேட்க வேண்டியவை

இன்று தமிழ்நாட்டில் கருவுற்ற பெண் 'பிக்மி' எண் வாங்குகிறாள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். ரேஷன் கடையில் விரலை வைக்கிறாள். வயல் வேலையும் ஏலத் தோட்ட வேலையும் பாத்திரம் விளக்குவதும் தேய்த்துவிட்ட ரேகையைக் கருவி சில நேரம் படிப்பதில்லை. அவள் அந்த இடத்தில் அவளேதான் என்று கருவி நம்ப மறுக்கிறது.

இவற்றை 1918உடன் ஒப்பிட்டு 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்வது சோம்பேறித்தனம். கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு எத்தனையோ பிரசவ மரணங்களைத் தடுத்திருக்கிறது. ரத்தசோகை உள்ள பெண்ணை வீடு தேடிப்போய் மாத்திரை கொடுக்க அவள் பெயர் எங்காவது எழுதியிருக்க வேண்டும். பதிவேடே வேண்டாம் என்பவர் ஏழைப் பெண்ணின் பிரசவத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

அப்படியானால் அக்கறைக்கும் அடக்குமுறைக்கும் எல்லைக்கோடு எது? நோக்கம் நல்லதா என்று பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கள்ளர் சீரமைப்பும் நல்ல நோக்கத்தையே சொன்னது. 'நாம்' நாவலின் சர்வாதிகாரிக்குப் பெயரே 'நன்மை செய்பவர்'. ரேகைச் சட்டத்தின் வரலாறு நமக்கு நான்கு கேள்விகளைத் தருகிறது. என்னைப் பற்றி எழுதியதை நான் பார்க்க முடியுமா? தவறாக இருந்தால் நீதிமன்றத்தில் கேட்க முடியுமா? மறுத்தால் எனக்கு என்ன ஆகும்? இந்தப் பட்டியலிலிருந்து வெளியே வர வழி உண்டா? ரேகைச் சட்டத்தில் முதல் இரண்டுக்கும் பதில் இல்லை என்பது. மூன்றுக்குப் பதில் பெருங்காமநல்லூர். பட்டியலில் இருந்தது பிறப்பு என்பதால் நான்காவதுக்கும் பதில் கிட்டத்தட்ட இல்லை என்பதுதான். இன்று பிக்மி எண் இல்லாத பெண்ணின் பிள்ளைக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டால், ரேகை விழாத கிழவிக்கு அரிசி மறுக்கப்பட்டால், மூன்றாவது கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேட்டால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதை எதிர்த்துப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பு வந்தது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பழைய எண்ணம் சிறை விதிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியை நீக்கவும் உத்தரவிட்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுவதும் நீங்கி 72 ஆண்டுகள் கழித்து, ஒரு பெண் கேட்ட கேள்வியால் அந்தப் பத்தி போனது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். தேனி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். ரேகை வைத்த தாத்தாக்களின் கதைகள் ஓரளவு எழுதப்பட்டுவிட்டன. அந்த இரவுகளில் வீட்டில் இருந்தவர்களின் கதைகள் எழுதப்படவில்லை. 1947இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு வயதை நெருங்குகிறது. அப்பா சாவடிக்குப் போன பிறகு அம்மா என்ன செய்தார், கதவை எப்படிச் சாத்தினார், யாருக்குப் பயந்தார், பக்கத்து வீட்டுப் பெண்களோடு என்ன பேசினார் என்று அந்தப் பாட்டியிடம் கேளுங்கள். சொல்ல விரும்பாததைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். சொன்னதை எழுதி அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்வதை அடித்துவிடுங்கள்.